கல்ப்ரிட்டுக்கு (மாரடைப்பை உண்டாக்கிய இதயக் குழாய்) ஸ்டென்ட் வைத்தாயிற்று, மற்ற குழாய்களில் இருக்கும் சுருக்கத்தை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: தாலுகா_டாக்டர்

ஸ்டெமி (குழாய் முழுதாக அடைபட்டு, ஈசிஜியில் எஸ்டி பகுதி உயர்ந்து வரும் மாரடைப்பு) வந்து, பிரைமரி ஆஞ்சியோபிளாஸ்டி (உடனே குழாயைத் திறக்கும் சிகிச்சை) முடிந்து ஊர் திரும்புகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கும் பொது மருத்துவர் நான். கையில் வரும் டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கிறது: "எல்ஏடி 100% அடைப்பு, ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஆர்சிஏ நடுப்பகுதி 60%. ஓஎம் 80%. 4 வாரம் கழித்து வரவும்." (எல்ஏடி இதயத்தின் முன்பக்கக் குழாய், ஆர்சிஏ வலது குழாய், ஓஎம் இடது பக்கக் கிளை.)

அந்த 60 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்? மாரடைப்பு வந்த அன்றே எஃப்எஃப்ஆர் (சுருக்கம் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று குழாய்க்குள் வயர் விட்டு அழுத்தத்தால் அளப்பது) பார்ப்பது நல்லதா, பிறகு வரவழைத்துப் பார்ப்பது நல்லதா? வலி எதுவும் இல்லாதவர்கள், "டிஎம்டி எடுத்து நார்மல் என்றால் விட்டுவிடலாமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள் (டிஎம்டி என்பது ஓடும் பட்டையில் நடக்கவைத்து ஈசிஜி பார்க்கும் சோதனை). அவர்களுக்கு என்ன சொல்வது? திரும்ப அனுப்பும்போது நான் இங்கே எதையெல்லாம் சரிபார்த்து அனுப்ப வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பதில் 1: இடது_மெயின்

டாக்டர், நீங்கள் காட்டிய சம்மரியில் 60-ம் 80-ம் இரண்டு தனிப் பிரச்சினைகள். முதலில் 80.

ஸ்டெமியில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கல்ப்ரிட் தவிர வேறு குழாயிலும் குறிப்பிடத்தக்க அடைப்பு இருக்கும். அதைத் தொடலாமா என்ற கேள்விக்குப் பெரிய விடை 2019-ல் வந்த கம்ப்ளீட் ஆய்வு. 4,041 பேர். 2.5 மிமீ அல்லது அதற்கு மேல் அகலமுள்ள குழாயில் 70% அல்லது அதற்கு மேல் அடைப்பு, அல்லது 50 முதல் 69% அடைப்போடு எஃப்எஃப்ஆர் 0.80 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களைச் சேர்த்தார்கள். சுமார் 3 ஆண்டுகளில் இதய நோயால் மரணம் அல்லது மீண்டும் மாரடைப்பு என்பது கல்ப்ரிட்டை மட்டும் சரிசெய்த குழுவில் 10.5%, எல்லாவற்றையும் சரிசெய்த குழுவில் 7.8%. இந்த வித்தியாசம் முக்கியமாக மறு மாரடைப்பு குறைந்ததால் வந்தது. மரண விகிதம் கிட்டத்தட்ட சமம்தான். நோயாளியிடம் இதை இப்படியே சொல்லலாம்: இரண்டாவது ஸ்டென்ட் அடுத்த மாரடைப்பைத் தள்ளிவைக்க.

ஆகவே 80% ஓஎம், குழாய் 2.5 மிமீக்குக் குறையாமல் இருந்தால், ஸ்டென்டுக்கு உரியதுதான். 2 மிமீ கிளையில் 80% என்றால் அதற்கு இந்த ஆய்வை மேற்கோள் காட்ட முடியாது, மருந்தே போதும். சம்மரியில் குழாயின் அகலத்தை யாரும் எழுதுவதில்லை. அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது 60. மாரடைப்பு நேரத்தில் உடலில் அட்ரினலின் பொங்கிக்கொண்டிருக்கும், இரத்த அழுத்தமும் தாழ்ந்திருக்கலாம். மற்ற குழாய்களும் இறுகியே இருக்கும். அந்த நேரத்துப் படத்தில் சுருக்கம் கூடுதலாகத் தெரியும், சுற்றியுள்ள நல்ல பகுதியே இளைத்துக் காட்டும். போதாததற்கு, கல்ப்ரிட்டைத் திறக்கும் அவசரத்தில் மறுபக்கக் குழாய்க்கு ஒரு வியூ, மிஞ்சினால் இரண்டு வியூதான் எடுப்பார்கள். குழாய் வளைந்து நம் பக்கம் வரும் இடத்தில் ஒரே கோணத்தில் பார்த்தால் 40-ம் 70-ஆகத் தெரியும், 70-ம் 40-ஆகத் தெரியும். கல்ப்ரிட் திறந்து, நோயாளி நிலைப்பட்டு, சிஸ்டாலிக் (மேல் அழுத்தம்) 100-க்கு மேல் இருந்தால், மறுபக்கக் குழாய்க்குள் 100 முதல் 200 மைக்ரோகிராம் என்டிஜி (குழாயைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின்) கொடுத்து, ஒன்றுக்கொன்று நன்றாக விலகிய கோணங்களில் இரண்டு தெளிவான வியூ எடுத்து வைப்பது பெரிய வேலை இல்லை. 10, 15 மிலி கான்ட்ராஸ்ட் (படத்துக்கான மருந்து) ஆகும். அடுத்த மாதம் எடுக்கும் முடிவு முழுக்க அந்த இரண்டு வியூவில் நிற்கிறது. வலது வென்ட்ரிக்கிள் சேர்ந்து பாதித்த இன்ஃபீரியர் (கீழ்ச்சுவர்) மாரடைப்பில் மட்டும் என்டிஜி வேண்டாம், அழுத்தம் சட்டென விழும்.

எப்போது செய்வது? கம்ப்ளீட்டில் 45 நாளுக்குள் என்று வைத்தார்கள். அட்மிஷனிலேயே செய்தவர்களுக்கும் பிறகு வந்து செய்தவர்களுக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது. 2023 ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதே அமர்வில் அல்லது 45 நாளுக்குள் என்றுதான் சொல்கிறது. "4 வாரம்" என்று எழுதி அனுப்பினால் அது 45 நாள் வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் 4 வாரம் 4 மாதமாக நீளுவதுதான் நம் ஊரில் நடப்பது. தேதி போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் கை வைக்கக் கூடாது: கார்டியோஜெனிக் ஷாக் (இதயம் பம்ப் செய்ய முடியாமல் அழுத்தம் விழுந்த நிலை). 2017-ல் வந்த கல்ப்ரிட்-ஷாக் ஆய்வில் எல்லாவற்றையும் அப்போதே சரிசெய்த குழுவில் 30 நாளில் மரணம் அல்லது டயாலிசிஸ் தேவை 55.4%, கல்ப்ரிட்டை மட்டும் செய்த குழுவில் 45.9%. அழுத்தம் இல்லாத நோயாளிக்கு மற்ற குழாய்களை அளப்பதும் வேண்டாம், ஸ்டென்ட் வைப்பதும் வேண்டாம்.

லெஃப்ட் மெயினில் (இடது பக்கக் குழாய்களின் தாய்க்குழாய்) அடைப்பு, அல்லது சர்க்கரை நோயாளிக்கு மூன்று குழாயிலும் சிக்கலான அடைப்பு என்றால் இந்தக் கணக்கே வேறு. கல்ப்ரிட்டோடு நிறுத்திவிட்டு சர்ஜனோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

---

பதில் 2: சென்சார்_3செமீ

கேத் லேப் டெக்னாலஜிஸ்ட். எஃப்எஃப்ஆர் எண் தவறாக வருவதற்கு நோயாளியை விட நம் செட்டப்தான் பெரும்பாலும் காரணம். சம்மரியில் "எஃப்எஃப்ஆர் 0.82" என்று பார்க்கும்போது அது எப்படி எடுக்கப்பட்டது என்பது தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு.

எஃப்எஃப்ஆர் என்பது ஒரு விகிதம்: இரத்த ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போது சுருக்கத்தைத் தாண்டிய அழுத்தத்தை, அயோர்ட்டா அழுத்தத்தால் வகுப்பது. 0.80 என்றால் அந்தக் குழாய் தன் முழுத் திறனில் 80% ஓட்டத்தைத்தான் தருகிறது என்று பொருள். 0.80-ம் அதற்குக் கீழும் இருந்தால் ஸ்டென்டுக்கு உரியது.

ஹெப்பாரின் கொடுத்து, ஏசிடி (இரத்தம் உறைய ஆகும் நேரம்) 250 விநாடிக்கு மேல் இருக்க வேண்டும். சைடு ஹோல் (பக்கத் துளை) இல்லாத கைடிங் கதீட்டர்தான் (இதயக் குழாயின் வாய்வரை போகும் குழல்) போட வேண்டும். சைடு ஹோல் இருந்தால் அயோர்ட்டா அழுத்தமும் குழாய் வாயின் அழுத்தமும் கலந்து வரும். டிரான்ஸ்டியூசரை (அழுத்தம் அளக்கும் கருவி) நோயாளியின் நடு அக்குள் மட்டத்தில் வைத்து ஜீரோ செய்யுங்கள். 10 செமீ மேலே கீழே போனாலே 7, 8 மிமீ மெர்க்குரி மாறிவிடும். இடைநிலைச் சுருக்கத்தில் தீர்ப்பையே புரட்ட அது போதும்.

பிரஷர் வயரை (அழுத்த சென்சார் உள்ள மெல்லிய கம்பி) அதன் சுருளுக்குள்ளேயே சலைன் விட்டு நனைத்து ஜீரோ செய்து, பிறகு உள்ளே விடுங்கள். சென்சார் நுனியில் இல்லை, நுனியிலிருந்து சுமார் 3 செமீ பின்னால், எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும் பகுதி முடியும் இடத்தில் இருக்கிறது. அது கைடிங் வாயில் நிற்கும்போது, இன்ட்ரட்யூசர் ஊசியை எடுத்துவிட்டு, வால்வை இறுக்கி, கதீட்டருக்குள் உள்ள கான்ட்ராஸ்டைச் சலைனால் தள்ளிவிட்டு, இரண்டு அழுத்தத்தையும் சமன் செய்ய வேண்டும். ஊசியை உள்ளேயே விட்டால் அந்த வழியாகக் கசிந்து அயோர்ட்டா அழுத்தம் குறைவாகக் காட்டும். அப்படிச் சமன் செய்து, பிறகு ஊசியை எடுத்தால் முழு அளவீடும் பொய்.

என்டிஜி கொடுத்த பிறகு, சென்சார் சுருக்கத்தைத் தாண்டிக் குறைந்தது குழாயின் அகலத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் போய் நிற்க வேண்டும். சின்னக் கிளைக்குள் போய்விடாமல் பாருங்கள். பிறகு அடினோசின் (ஓட்டத்தை உச்சத்துக்கு ஏற்றும் மருந்து).

சிரை வழியே என்றால் நிமிடத்துக்கு கிலோவுக்கு 140 மைக்ரோகிராம், முழங்கை மடிப்பில் பெரிய ஊசியில். 70 கிலோ ஆளுக்கு இது நிமிடத்துக்கு 9.8 மிகி. நம்மிடம் இருக்கும் 6 மிகி ஆம்பூல் 2 மிலி, அதாவது மிலிக்கு 3 மிகி. நீர்க்காமல் போட்டால் மணிக்கு 196 மிலி. 3 நிமிடம் ஓட 5 ஆம்பூல் ஆகும். புறங்கை வென்ஃப்ளானில் போட்டால் மருந்து போய்ச் சேரும் முன்பே பாதி உடைந்துவிடும், உச்ச ஓட்டம் வராது, எஃப்எஃப்ஆர் உயர்வாகக் காட்டும்.

குழாய்க்குள்ளேயே கொடுப்பது மலிவு: வலது குழாய்க்கு 100 மைக்ரோகிராம், இடது குழாய்க்கு 200. ஒரு மிலி, அதாவது 3 மிகி எடுத்து, மொத்தம் 30 மிலி ஆக்கினால் மிலிக்கு 100 மைக்ரோகிராம். அதில் 1 அல்லது 2 மிலி எடுத்து 10 மிலி சிரிஞ்சில் சலைனோடு நிரப்பி வேகமாகத் தள்ளி, பின்னாலேயே சலைன் விடுங்கள். இல்லையென்றால் கதீட்டருக்குள்ளேயே ஒரு பங்கு தங்கிவிடும். வலதில் கொடுக்கும்போது சில விநாடி ஹார்ட் பிளாக் வரும், இருமச் சொன்னால் போதும். குழாயின் வாயிலேயே சுருக்கம் என்றால் இந்த முறை வேண்டாம். சிரை வழியே ஓடவிட்டு, கதீட்டரை வாயிலிருந்து விலக்கித்தான் அளக்க வேண்டும்.

கடைசியில் வயரைக் கைடிங் வாய்க்கு இழுத்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு அழுத்தமும் ஒன்றாக இல்லாமல் 0.03-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிரிஃப்ட், அதாவது சென்சாரின் அளவு நழுவிவிட்டது. மறுபடி சமன் செய்து முதலிலிருந்து எடுங்கள். 0.79, 0.81 மாதிரி எண்களில் டிரிஃப்ட் பார்க்காத அளவீடு எதற்கும் ஆகாது.

கல்ப்ரிட் குழாயில், அன்றைக்கு, மீதமுள்ள வேறொரு சுருக்கத்துக்கு எஃப்எஃப்ஆர் கேட்கிறவர்களும் உண்டு. செய்ய வேண்டாம். கீழே நுண்குழாய்கள் அடிபட்டிருக்கும், அடினோசினுக்கு ஓட்டம் எகிறாது, எண் நல்லதாகவே வரும். ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதை வேண்டாம் என்றே சொல்கிறது.

---

பதில் 3: மறுபார்வை

மேலே சொன்ன இருவரின் கருத்தும் சரி. ஆனால் "70-க்கு மேல் என்றால் நேரே ஸ்டென்ட்" என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கண்ணால் 70 என்று சொல்வதும் கணினி அளவில் 70 வருவதும் ஒன்றல்ல, கண் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்லும். கம்ப்ளீட் படங்களைப் பிறகு மைய ஆய்வகத்தில் அளந்தபோது, கணினி அளவில் 60%க்குக் குறைவாக இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. 60-க்கு மேல் இருந்தவர்களுக்குத்தான் தெளிவாக இருந்தது.

எஃப்எஃப்ஆர் வைத்து முடிவெடுத்தால் ஸ்டென்ட் குறையும் என்பதில் சந்தேகமே இல்லை. 2015-ல் டென்மார்க்கின் டனாமி-3-பிரைமல்டியில் எஃப்எஃப்ஆர் குழுவில் 31% பேருக்கு இரண்டாவது ஸ்டென்டே தேவைப்படவில்லை. கொரியாவின் ஃப்ரேம்-ஏஎம்ஐ, 2022, 562 பேர்: மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை சேர்ந்து எஃப்எஃப்ஆர் குழுவில் 7.4%, படத்தை மட்டும் பார்த்த குழுவில் 19.7%.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரான்சின் ஃபிளவர்-எம்ஐ, 2021, 1,171 பேர்: ஓராண்டில் எஃப்எஃப்ஆர் 5.5%, படம் 4.2%. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை, எஃப்எஃப்ஆர் மேல் என்றும் காட்டவில்லை. 2024-ல் வந்த ஃபுல் ரிவாஸ்க், 1,542 பேர், எஃப்எஃப்ஆர் வைத்து எல்லாவற்றையும் சரிசெய்தாலும் கல்ப்ரிட்டோடு நிறுத்தினாலும் 4.8 ஆண்டில் வித்தியாசம் தெரியவில்லை. இதனால்தான் ஐரோப்பிய வழிகாட்டுதல் ஸ்டெமியில் படத்தின் தீவிரத்தை வைத்தே முடிவெடுக்கச் சொல்கிறது.

என் நிலைப்பாடு: 90% என்றால் வயர் போட்டு அளக்கவே வேண்டாம், நேரே ஸ்டென்ட். 50 முதல் 69 என்றால் வயர் இல்லாமல் ஸ்டென்ட் வைக்கக் கூடாது. நடுவில் 70 முதல் 85 வரை நோயாளிக்கு நோயாளி மாறும். நீண்ட சுருக்கம், பெரிய எல்ஏடி என்றால் அளக்காமலே வைக்கலாம். ஆர்சிஏவின் கீழ்ப்பகுதி, சின்னப் பரப்பு என்றால் அளந்து பார்ப்பேன்.

எந்த நாளில் அளப்பது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாரடைப்பு அன்று ஓய்வு நிலை ஓட்டமே கூடியிருக்கும், அடினோசினுக்கு மேற்கொண்டு எகிறும் அளவு குறைந்திருக்கும். ஆகவே அன்று எடுத்த எஃப்எஃப்ஆர் சற்று உயர்வாக, அதாவது நல்லதாகக் காட்டும். ஓய்வு நிலையில், அடினோசின் இல்லாமல் அதே வயரில் எடுக்கும் ஐஎஃப்ஆர் சற்றுத் தாழ்வாக, கெட்டதாகக் காட்டும். ஒரு மாதம் கழித்து இரண்டையும் மறுபடி எடுத்தால் ஒன்று இறங்கும், மற்றது ஏறும். சராசரியில் இந்த மாற்றம் 0.01, 0.02 அளவுதான். ஆனால் எல்லைக் கோட்டில் நிற்பவருக்கு அதுவே எல்லாம். ஐஎஃப்ஆருக்கு எல்லை 0.89. அன்றைக்கு எஃப்எஃப்ஆர் 0.75 வந்தால் நம்பி ஸ்டென்ட் வைக்கலாம். 0.82 வந்தால், குறிப்பாகப் பெரிய ஆன்டீரியர் (முன்சுவர்) மாரடைப்பில், "நெகட்டிவ்" என்று எழுதி முடித்துவிடாமல் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

இன்னொன்று. எஃப்எஃப்ஆர் ஓட்டத்தை அளக்கிறது, படிவின் குணத்தை அளப்பதில்லை. மாரடைப்பு வந்தவரின் மற்ற குழாய்களிலும் மெல்லிய மூடியுள்ள கொழுப்புப் படிவு இருக்கக்கூடும். மூடியின் தடிமன் 65 மைக்ரானுக்குக் கீழ் என்றால் ஓசிடியில் (குழாய்க்குள் ஒளி விட்டு எடுக்கும் படம்) தெரியும். கம்பைன் ஆய்வில் எஃப்எஃப்ஆர் நெகட்டிவாக இருந்த சர்க்கரை நோயாளிகளை ஓசிடியில் பார்த்தார்கள். மெல்லிய மூடி இருந்தவர்களில் 18 மாதத்தில் 13.3% பேருக்குப் பிரச்சினை, இல்லாதவர்களில் 3.1%. இதற்காக எல்லாருக்கும் ஓசிடி போடுங்கள் என்று சொல்லவில்லை. எஃப்எஃப்ஆர் நெகட்டிவ் என்று ஸ்டென்ட் வைக்காமல் அனுப்பப்பட்டவருக்கு எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 55-க்குக் கீழ் போய் அங்கேயே நிற்க வேண்டும், ஸ்டாட்டினும் எசெட்டிமைபும் விடக் கூடாது. இதை உங்கள் கையில்தான் ஒப்படைக்கிறோம் டாக்டர்.

---

தாலுகா_டாக்டர்

மூவருக்கும் நன்றி. டிஎம்டி கேள்வி பாக்கி இருக்கிறது. எங்கள் பக்கம் பலருக்கு முதலில் டெனெக்டிபிளேஸ் (இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி) போட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். அவர்களுக்கும், என்ஸ்டெமி (ஈசிஜியில் எஸ்டி உயராத மாரடைப்பு) வந்தவர்களுக்கும் இதே விதிதானா? 75 வயதைத் தாண்டியவர்களுக்கு?

---

இடது_மெயின்

டிஎம்டி இந்தக் கேள்விக்கு உதவாது. மாரடைப்புக்குப் பிறகு ஈசிஜியில் ஏற்கெனவே மாற்றம் இருக்கும், பீட்டா பிளாக்கரில் இதயத் துடிப்பு ஏறாது, எந்தக் குழாய் என்றும் அது சொல்லாது. டிஎம்டி நெகட்டிவ் என்பதை வைத்து 80% ஓஎம்மை விட்டுவிடக் கூடாது. வயர் போட முடியாத இடத்தில் 60%க்கு விடை வேண்டும் என்றால் ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ, ஸ்ட்ரெஸ் நியூக்ளியர் ஸ்கேன், டொபுடமின் எக்கோ ஆகியவற்றில் எது அருகில் நன்றாகச் செய்கிறார்களோ அது.

டெனெக்டிபிளேஸ் போட்டவர்களுக்கு வலியும் ஈசிஜியில் உயர்ந்த எஸ்டியும் இறங்கியிருந்தால் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ, கல்ப்ரிட், பிறகு மேலே சொன்ன கணக்கே. எஸ்டி 60 முதல் 90 நிமிடத்தில் பாதிகூட இறங்கவில்லை என்றால் உடனே அனுப்புங்கள். அப்போது மற்ற குழாய்களைப் பற்றிப் பேச நேரமில்லை.

என்ஸ்டெமியில் முதல் சிக்கலே எது கல்ப்ரிட் என்பது. மூன்று குழாயிலும் அடைப்பு இருக்கும், ஈசிஜி எந்தப் பகுதி என்று காட்டாது. எக்கோவில் எந்தச் சுவர் அசையவில்லை, படத்தில் எங்கே இரத்தக்கட்டி நிழல் அல்லது கிழிந்த விளிம்பு என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்றவற்றுக்கு எஃப்எஃப்ஆர் அந்த அமர்விலேயே எடுப்பது இங்கே ஏற்கப்பட்ட வழக்கம்.

75 வயது தாண்டியவர்களை வயதைக் காட்டி ஒதுக்காதீர்கள். 2023-ன் ஃபயர் ஆய்வில் 1,445 பேரும் 75-ம் அதற்கு மேலும். அழுத்தம் அளந்து தேவையானவற்றை மட்டும் சரிசெய்த குழுவில் ஓராண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறு சிகிச்சை சேர்ந்து 15.7%, கல்ப்ரிட் மட்டும் 21.0%. இந்த வயதில் வயர் போட்டு அளப்பதில்தான் அதிக லாபம் என்று நினைக்கிறேன், தேவையில்லாத ஸ்டென்ட் தவிர்க்கப்படுகிறது.

---

பதில் 4: சிசியூ_சிஸ்டர்

டாக்டர், இரண்டாவது தடவை வருகிறவர்களைத் தயார் செய்கிற பக்கத்திலிருந்து சில விஷயம்.

டெரிஃபிலின் மாத்திரை. இளைப்புக்கு யாராவது கொடுத்திருப்பார்கள், நோயாளி அதைச் சொல்லவே மாட்டார். அதில் உள்ள தியோபிலின் அடினோசினை வேலை செய்யவிடாது, எஃப்எஃப்ஆர் பொய்யாக நல்லதாக வரும். எல்லா மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். காபி, டீயும் அப்படித்தான். முந்தின நாள் சாயந்திரத்திலிருந்தே நிறுத்தச் சொல்ல வேண்டும். காலையில் "ஒரு வாய் காபிதான் குடித்தேன்" என்று வருகிறவர்கள் அதிகம். உண்மையிலேயே ஆஸ்துமா இருப்பவர் என்றால் கடிதத்தில் பெரிதாக எழுதிவிடுங்கள். அவர்களுக்கு அடினோசின் வேண்டாம், அடினோசின் இல்லாத ஐஎஃப்ஆர் மாதிரியான அளவீடு எடுப்பார்கள்.

ஸ்டென்ட் அடைபடாமல் இருக்கக் கொடுக்கும் பிரிலின்டா அல்லது குளோபிடாப், கூடவே ஆஸ்பிரின், ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. "ஆபரேஷன்" என்று நினைத்துக்கொண்டு 5 நாள் முன்னாலேயே தானாக நிறுத்திவிட்டு வருகிறார்கள், வைத்த ஸ்டென்டே அடைபடும்.

கிரியாட்டினின் ஒரு வாரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். கான்ட்ராஸ்ட் அளவு ஈஜிஎஃப்ஆரின் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 3 மடங்கைத் தாண்டாமல் பார்ப்பார்கள். 45 என்றால் 135 மிலி, முதல் நாள் ஆஞ்சியோபிளாஸ்டியிலேயே அதற்கு மேல் போயிருக்கலாம். முதல் தடவைக்குப் பிறகு கிரியாட்டினின் ஏறியிருந்தால், அது இறங்கிய பிறகு தேதி கேளுங்கள். ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே என்றால் மெட்ஃபார்மின் நிறுத்த வேண்டும். மற்றவர்களுக்கு அந்தந்த லேப் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரி மூச்சு முட்டுகிறது, கொஞ்ச நேரம் நடந்தாலே மார்பு இறுக்கம் என்று சொன்னால் 4 வாரம் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே அனுப்புங்கள். பிரிலின்டா சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தினாலேயும் மூச்சிரைப்பு வரும், ஆனால் அது உட்கார்ந்திருக்கும்போதும் வரும், ஆக்சிஜன் அளவு குறையாது. சந்தேகம் இருந்தால் ஈசிஜி எடுத்து, பழைய ஈசிஜியோடு சேர்த்து அனுப்புங்கள்.

கடைசியாக, ஆஞ்சியோ படம் பதிந்த சிடி தட்டு. சம்மரி மட்டும் கொண்டுவந்தால் அந்த 60%ஐ யாரும் மறுபடி பார்க்க முடியாது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் சிடி இல்லாமல் அனுப்பாதீர்கள், அது இல்லையென்றால் முதலிலிருந்து இன்னொரு ஆஞ்சியோ.